ஏசுராஜ் ரோட்வேஸ்

அம்பத்தூர், சென்னை
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜான்சன் எழுதுவது. நானும் பவுலினும் பிள்ளைகளும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, பிரியா வேலைக்குப் போகிறாளா என்று இரண்டு வரியாவது எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். உன் வீட்டில் இருப்பது ஒரே போன். அது பாதி நேரம் உன் கொழுந்தன் பெலிக்ஸ் கையில் இருக்கிறது. பெலிக்ஸ் பலராமனிடம் லாரி ஓட்டுகிறான். நான் இப்போது சொல்லப்போவது பலராமன் காதுக்குப் போகக் கூடாது.

ஆபீசில் என்னைப் புது செக்‌ஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகள் ஒரு லாரி கம்பெனியைச் சரக்கேற்றச் சேர்ப்பதற்கு முன்னால், அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆர்.சி., எப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ், முன்பு நடந்த விபத்துகள் எல்லாம் பார்ப்போம். சரியாக இருந்தால் வண்டிக் கண்ணாடியில் ஒட்டப் பச்சை ஸ்டிக்கர் கொடுப்போம். ஸ்டிக்கர் இல்லாத வண்டியைத் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மரக்காணத்து உப்பு வாங்கும் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்காகப் போன வாரம் என் மேசைக்கு வந்தது பலராமன் கம்பெனி பைல். பேப்பரில் ஒரு குறை இல்லை. மாமா ஓட்டிய லாரியை, அவர் இறந்த விபத்துக்குப் பிறகு உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். நான் பொங்கலுக்கு வந்தபோது நீ வேறு மாதிரி சொன்னாய். அதே வண்டி நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டு வேறு நம்பரில் ஓடுகிறது என்றாய்.

நம்பர் பிளேட்டை யாரும் மாற்றலாம். சேசிஸ் நம்பரை அப்படி மாற்ற முடியாது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே அதைக் குத்தியிருப்பார்கள். அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும். போட்டோவில் துருதான் தெரியும், ஆபீசிலும் பென்சில் தேய்த்த தாளைத்தான் ஒப்புக்கொள்வார்கள். நீ உப்பு மூட்டை தைக்கிற இடத்தில்தான் அந்த வண்டிகள் நிற்கின்றன. முடியுமா என்று பார். பயமாக இருந்தால் விட்டுவிடு.

உன் தம்பி,
ஜான்சன்


மரியே வாழ்க

மரக்காணம்
25 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ஜான்சனுக்கு,

மாதா புண்ணியத்தில் அக்கா நடமாடிக்கொண்டிருக்கிறேன். இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு என்னை விட்டால் போக்கிடம் இல்லை. பிரியா திண்டிவனத்தில் ஜவுளிக்கடைக்குப் போய் வருகிறாள். பவுலினை நான் கேட்டதாகச் சொல்லு. பெரியவன் இன்னும் சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறானா?

பயமாக இருந்தால் விட்டுவிடு என்கிறாய். புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள் லாரிக்கா பயப்படுவேன்.

அஞ்சம்மாளை உனக்குத் தெரியும். என்னோடு மூட்டை தைக்கிறவள், மாமா சாவுக்கு வந்திருந்தபோது உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டாளே, அவள்தான். அவளிடம் மட்டும் சொன்னேன். டிரைவர்கள் டீக்கடைக்குப் போனதும் அவள் சாக்கு உதறுகிற மாதிரி நின்றுகொண்டாள், நான் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். சட்டமெல்லாம் உப்பும் துருவும் அப்பிக் கிடக்கிறது. இங்கே யாரைக் கேட்டாலும் உப்பு வண்டிக்கு நம்பர் ஏது, உப்பு தின்றுவிடும் என்பார்கள். மண்ணெண்ணெய் விட்டுச் சாக்குத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், எண் நன்றாகவே தெரிந்தது. அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

"இன்னா அஞ்சம்மா, வண்டிக்கு அடியில கால் தெரியுது?"

"செல்விக்கு வயித்தால போவுது. ஒதுங்க எடமில்ல. நீ அந்தாண்ட போய்யா."

மனுஷன் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். நான் மல்லாந்து படுத்தபடி சிரித்தேன். உன் மாமா போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நஷ்டஈடு, அது இது என்று எனக்கு ஆசை இல்லை. பிரேக் பிடிக்காத வண்டியைக் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் மேல் விடாமல் வாராவதி பாலத்துச் சுவரில் மோதியவர் உன் மாமா. பலராமன் ஷெட் மெக்கானிக் கலியன் ஸ்டேஷனில் போய், அன்றைக்கு ஏசுராஜ் குடித்திருந்தார் என்று சொல்லிவிட்டு வந்தான். வில்லியனூர் மாதா கோயிலில் சத்தியம் பண்ணிய நாளிலிருந்து ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவர். இன்றைக்கு ஊரில் அவர் பெயர் குடிகாரன் ஏசுராஜ். பிரியாவைப் பார்த்துவிட்டுப் போன பிரம்மதேசத்து மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பின்வாங்கினார்கள். அந்த ஒரு வார்த்தை அவர் பெயரை விட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனிமேல் கடிதத்தை அஞ்சம்மாள் வீட்டு விலாசத்துக்குப் போடு. போன கடிதம் வந்தபோது பெலிக்ஸ் வீட்டில் இல்லை, தப்பித்தேன்.

அக்கா,
செல்வி


அம்பத்தூர்
12 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவன் இப்போது தயிர்ச்சோறு மட்டும்தான் தின்கிறான். மேஸ்திரி கதையைப் பவுலினிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு அழுதாள்.

தாளை மாமாவின் கேஸ் பேப்பரோடு வைத்துப் பார்த்தேன். அதே வண்டிதான் அக்கா. உடைத்துப் போட்டதாகச் சொன்ன வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மாட்டியிருக்கும் நம்பர் பலராமனுடைய இன்னொரு லாரியின் நம்பர். பேப்பரில் ஒரு வண்டி, ரோட்டில் இரண்டு வண்டி. எப்.சி.க்கு நல்ல வண்டியைக் காட்டுகிறான், உப்பை மோசமான வண்டியில் ஏற்றுகிறான். சேசிஸ் நம்பர் தேய்த்த தாளைக் கேட்டதற்கு, உப்பு தின்றுவிட்டது என்று பதில் எழுதியிருக்கிறான். இங்கே இருக்கிறவர்களும் அதை நம்பிக் கையெழுத்துப் போட இருந்தார்கள்.

பலராமன் கம்பெனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அது உனக்கு வரவேண்டிய பாராட்டு. உன் பெயரைச் சொன்னால் உனக்குத்தான் ஆபத்து என்று சொல்லவில்லை.

வக்கீல் ஒருவரிடமும் பேசினேன். வண்டி மோசம் என்பதற்கு இந்தத் தாள் போதும் என்கிறார். ஆனால் குடித்திருந்தார் என்று சாட்சி சொன்னவன் அதை மாற்றிச் சொன்னால்தான் அந்த வார்த்தை போகுமாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம், அவசரப்பட வேண்டாம் என்றார். கலியன் எப்படிப்பட்ட ஆள்? இறங்கி வருவானா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜான்சன்


மரியே வாழ்க

மரக்காணம்
5 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் பவுலினுக்கும் பிள்ளைகளுக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உப்பளத்தில் வெள்ளையாகப் பார்த்துப் பார்த்து எனக்கு வீட்டுக்குள் வந்தால் கண் தெரிவதில்லை. மற்றபடி குறையில்லை.

பலராமன் வண்டிகள் எல்லாம் ஷெட்டில் படுத்துவிட்டன. "எவனோ மெட்ராசுல போட்டுக் குடுத்துட்டான்" என்று போகிற வருகிறவனை எல்லாம் திட்டுகிறான். புதுச்சேரிக்காரன் ஒருத்தன்மேல்தான் அவனுக்குச் சந்தேகம். நானும் அஞ்சம்மாளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதே இல்லை, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். பெலிக்ஸ்தான் வண்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து முறைக்கிறான். அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கலியனைப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணி, அண்ணன் குடிக்கல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதான் சொன்னியா?"

"ஷெட்டு பலராமன் மொதலாளி எடத்துல இருக்குது அண்ணி. அவரு சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். அவரே மாத்திச் சொல்லுன்னா நாளைக்கே போய்ச் சொல்றேன்."

காறித் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆக, உன் மாமாவின் பெயர் பலராமன் வாயில் இருக்கிறது. அவன் வாயைத் திறக்கவைப்பது எப்படி என்று உன் வக்கீலைக் கேட்டு எழுது.

அக்கா,
செல்வி


அம்பத்தூர்
8 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு முன் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? பெலிக்ஸ் போனிலிருந்து பேசினபோது, நல்லாயிருக்கேன், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். பவுலின் உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பலராமன் வாயைத் திறக்கவைக்க வக்கீலிடம் வழி எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று எழுதின கம்பெனிகள் அப்படியே போய்விடுவதில்லை. பழைய போர்டைக் கழற்றிவிட்டு, மச்சினன் பெயரிலோ வேலைக்காரன் பெயரிலோ புது போர்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். புதுக் கம்பெனிக்கு விபத்தே இருக்காது, நேற்றுத்தான் பிறந்ததாயிற்றே. அதே வண்டி, அதே ஷெட், அதே மெக்கானிக். பெயரைக் கொடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. விபத்து நடந்தால் போலீஸ் தேடுவது அவனைத்தான். பலராமன் ஷெட்டில் புதிதாக ஏதாவது போர்டு எழுதினால் எனக்கு உடனே எழுது.

பதில் போடு அக்கா.

ஜான்சன்


மரியே வாழ்க

மரக்காணம்
30 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் போடாததற்குக் கோபிக்காதே. கையில் உப்பு அறுத்துப் புண்ணாகிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை.

நல்ல சேதி. கலியன் ஸ்டேஷனுக்குப் போய், ஏசுராஜ் குடிக்கவில்லை, பிரேக்தான் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கோயிலில் பூசை முடிந்ததும் நாலு பேர் என்னிடம் வந்து, பாவம் நல்ல மனுஷன் என்றார்கள். பிரம்மதேசத்துக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பிரியா கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்துவிட்டாள்.

லாரிக்கு அடியில் நுழையும் வேலை இனி வேண்டாம். இடுப்பு வளையவில்லை.

நீ உன் வேலையில் கறாராக இரு தம்பி. எந்தக் கம்பெனி வந்தாலும், அதில் யார் பெயர் இருந்தாலும், பெயரைப் பார்க்காதே. வண்டியைப் பார். நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

செல்வி


அம்பத்தூர்
22 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். இன்று ஒரு பைல் வந்தது. ஏசுராஜ் ரோட்வேஸ், மரக்காணம். உரிமையாளர் ஏ. ஆரோக்கியசெல்வி, கணவர் பெயர் ஏசுராஜ். உன் போட்டோ ஒட்டியிருக்கிறது. வண்டிகளின் நம்பர் எல்லாம் பலராமனுடைய பழைய நம்பர்.

நீ போட்ட கையெழுத்துதானா, உன்னை ஏமாற்றி வாங்கினார்களா? ஆமாம் இல்லை என்று ஒரு வரி எழுது, உடனே எழுது. வீட்டுக்குப் போன் செய்தால் பெலிக்ஸ் எடுக்கிறான், நீ வெளியே போயிருப்பதாகச் சொல்கிறான். தொழிற்சாலை அவசரப்படுத்துகிறது. இந்த மாதக் கடைசிக்குள் நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

ஜான்சன்


மரியே வாழ்க

மரக்காணம்
14 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. ஆடி மாதம் என்று அஞ்சம்மாள் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனவள், அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டாள். கடிதம் பூட்டின கதவுக்கு அடியில் கிடந்தது. நீ தவித்திருப்பாய்.

கையெழுத்து என்னுடையதுதான். யாரும் ஏமாற்றவில்லை.

மே மாதம் பலராமன் வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"ஏம்மா, புதுசா ஒரு கம்பெனி தொறக்கப் போறேன். உன் பேர்ல தொறக்கலாம்னு பாக்கறேன். ஏசுராஜ் ரோட்வேஸ்னு வெச்சிடலாம். உன் புருஷன் பேரு வண்டி நெத்தியில ஓடட்டுமே, ஊரே படிக்கும்."

"கலியன் சொன்னது?"

"நீ கையெழுத்துப் போடு. மறுநாள் அவன் போய் மாத்திச் சொல்லுவான்."

எனக்கு எல்லாம் தெரியும் தம்பி. புது போர்டு பற்றி நீ எழுதிய கடிதம் அப்போது வரவில்லை என்றாலும், இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் நான் வேறொரு கணக்குப் போட்டேன். நான் கையெழுத்துப் போடுவேன், கலியன் உண்மையைச் சொல்லிவிடுவான். கம்பெனி பைல் எங்கே போகும்? உன் மேசைக்குத்தான் வரும். நீ வேண்டாம் என்று எழுதிவிடுவாய். கம்பெனி எழும்பாது, வண்டி ஓடாது, கலியன் சொன்னது மட்டும் ஸ்டேஷனில் நிற்கும். பலராமனை நாம் ஏமாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. உன்னிடம் முன்பே சொன்னால் நீ விடமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை.

இப்போது ஓனரம்மா மூட்டை தைக்கக் கூடாது என்று என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். நான் மூட்டை தைப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்களாம். வண்டிகளின் நெற்றியில் அவர் பெயரை மஞ்சளில் எழுதிவிட்டார்கள். ஒருநாள் ஷெட் பக்கம் போய்ப் பார்த்தேன். அவரைக் கொன்ற வண்டியிலும் எழுதியிருக்கிறது. பார்க்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

மாதக் கடைசி என்று எழுதியிருந்தாய், அது போய்விட்டது. வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பாய். இன்னும் எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுது. அதனால் என்மேல் கேஸ் வந்தால் வரட்டும். ஜெயிலில் மூட்டை தைக்கச் சொன்னால் தைக்கிறேன்.

அக்கா,
செல்வி


அம்பத்தூர்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மாதா பிறந்தநாள் பூசைக்குப் பெசன்ட் நகர் போய்வந்தோம், கூட்டம் தாங்கவில்லை. உனக்காகவும் பிரியாவுக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இடுப்புக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பிரியாவின் நிச்சயத்துக்குப் பவுலின் எடுத்த பட்டுப்புடவையைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்து நிறம், அவளுக்குப் பொருந்தும். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கலாமா, மோதிரம் போதுமா என்று கேட்டு எழுது. சின்னவனுக்குப் பல் விழுந்துவிட்டது.

அந்த விஷயத்தை நான் பார்த்துக்கொண்டேன். உனக்கு ஒன்றும் வராது. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஜான்சன்


அம்பத்தூர்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி மோதிய செய்தியைப் பார்த்தேன். அஞ்சம்மாள் என்று பெயர் போட்டிருக்கிறது. நம் அஞ்சம்மாளா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உன் வீட்டு விலாசத்துக்குப் போடப் பயமாக இருப்பதால் இதையும் அவள் வீட்டுக்கே போடுகிறேன்.

நான் உனக்கு உண்மையைச் சொல்லவில்லை. ஜூலைக் கடைசி நாள் வரைக்கும் உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். வேண்டாம் என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். ஒரே நம்பரில் இரண்டு வண்டி என்று எழுதினால் ஆபீசிலிருந்து போலீசுக்குப் போகும். உரிமையாளர் நீ. உன்னைக் கைது செய்ய என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? முன்பு நிராகரித்த கம்பெனியோடு இதற்குத் தொடர்பு உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று எழுதினேன். உனக்காகத்தான் அக்கா.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் நேரில் வந்து கேட்டிருக்கலாம் என்பாய். வந்தால் நீ வேண்டாம் என்று எழுதச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை. பிறகு உன் கடிதம் வந்தபோது ஸ்டிக்கர் போய்விட்டிருந்தது. திரும்ப வாங்கியிருக்கலாம். ஏன் மாற்றி எழுதினாய் என்று கேட்பார்கள், என் வேலை போகும். தள்ளிப் போட்டேன்.

வக்கீல் செலவு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்டேஷனில் என் பெயரைச் சொல்லாதே. உனக்கு நான் தம்பி என்று தெரிந்தால் வேலையோடு போகாது. எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு.

ஜான்சன்


மரக்காணம்
13 அக்டோபர் 2024

ஜான்சனுக்கு,

உன் கடிதம் அஞ்சம்மாளின் கருமாதி அன்று கிடைத்தது. அவள் மகள்தான் எடுத்துவந்து கொடுத்தாள். "அம்மா பேருக்கு வந்துருக்குதுக்கா, ஆனா உனக்குத்தான்னு தெரியும்" என்றாள். அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாங்கினேன்.

ஆமாம், நம் அஞ்சம்மாள்தான். மழை வருவதற்குள் உப்பு அம்பாரத்தைக் காலி செய்ய வேண்டும் என்று வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடின. அளத்திலிருந்து கரையேறி அவள் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். உன் மாமா யார்மேலும் ஏறக் கூடாது என்று உயிரை விட்ட அதே இடம். அவரைக் கொன்ற அதே வண்டியை ஓட்டி வந்த பெலிக்ஸும் திருப்பித்தான் பார்த்திருக்கிறான், முடியவில்லை. அவன் கால் நசுங்கிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் அங்கேயே போய்விட்டாள். அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவள் வந்து, "உன் வண்டியில பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க செல்வி, ஓடுது" என்று சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எந்தம்பி குடுத்துருக்க மாட்டான், பலராமன் கள்ள ஸ்டிக்கர் அடிச்சிருப்பான் என்றேன். அவளும் நம்பினாள். அப்புறம் உன் கடிதம் வந்தது. புடவை நிறத்தை எழுதியிருந்தாய், சின்னவன் பல்லை எழுதியிருந்தாய். கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. அதைப் படித்தும் நான் உன்மேல் சந்தேகப்படவில்லை. என் கையால் பென்சில் தேய்த்து எடுத்தது உன்னிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் அந்த வண்டியை விடுவானா என்றுதான் நினைத்தேன்.

எனக்காக என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்டது அதுவா? வேண்டாம் என்று எழுது, கேஸ் வந்தால் வரட்டும் என்றுதானே எழுதினேன். என்னைக் காப்பாற்றப் போய் நீ அவளைக் கொன்றுவிட்டாய். நானும் கொன்றேன். பலராமனைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஏசுராஜ் ரோட்வேஸ் லாரி மோதிப் பெண் பலி. டீக்கடையில் ஒருத்தன் சத்தமாகப் படிக்க இன்னொருத்தன், "ஏசுராஜ் வண்டியா? அவன் அப்பவே குடிச்சிட்டு ஓட்டி செத்தவனாச்சே" என்றான். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கலியன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெலிக்ஸ் அன்றைக்குக் குடித்திருந்தான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறான். ஸ்டேஷனுக்கு வந்த பலராமன், "எனக்கும் கம்பெனிக்கும் இன்னா சார் சம்பந்தம், ஓனர் அந்தம்மாதான்" என்று என்னைக் கைகாட்டிவிட்டுப் போனான்.

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். பெயர் போட்டதோடு சரி, எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடலாம் என்று நீ வைத்த வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஓனர் நான்தான் சார், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். வண்டி எது, அதில் யார் செத்தது, எந்த நம்பரில் ஓடுகிறது எல்லாம் சொன்னேன். எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டார். கலியன் மாற்றிச் சொல்லத்தான் என்றேன்.

"அப்ப அவன் மாத்திச் சொன்னது உங்க கையெழுத்துக்காகவாம்மா?"

"ஆமா சார். ஆனா அதுதான் சார் நெசம்."

"இனிமே அத யாரும்மா நம்புவாங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் வாயைத் திறந்ததும் உன் மாமா மறுபடி குடிகாரன் ஆகிவிட்டார். அது தெரிந்துதான் சொன்னேன். இல்லையென்றால் பெலிக்ஸும் குடிகாரன் ஆவான், அதே வண்டியை இன்னொரு பெண்பிள்ளை பெயரில் பலராமன் மறுபடி ஓட்டுவான். பிரம்மதேசத்தார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவார்கள். பிரியா உன் புடவையை மடித்து எடுத்துவைத்துவிட்டாள், கட்டமாட்டேன் என்கிறாள்.

உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. ஸ்டிக்கர் கொடுத்தது யாரென்று தெரியுமா என்று ரைட்டர் கேட்டார். தெரியும் சார், ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, கொடுத்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், நான் போவேன்.

எழுந்து வரும்போது, "அவரு வருவாராம்மா?" என்று கேட்டார்.

தெரியாது சார் என்றேன்.

செல்வி